கொடுவாவின் சினையைச் சோதியுங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நம் முகத்துவாரங்களில் பிடிபடும் கொடுவா, சீலா, பாரை போன்ற வேட்டை மீன்களின் உடம்பில் பி.சி.பி. என்ற ஆலை ரசாயனம், எரியும்போது உண்டாகும் டயாக்சின், டி.டி.டி., பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துகள் போன்ற அழியா நஞ்சுகள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று ஆண்டுதோறும் அளந்து, அந்தக் கணக்கை வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். மீனின் சதையை மட்டும் அளந்தால் போதாது, சினையையும் ஈரலையும் சேர்த்து அளக்க வேண்டும். நான் மீன்வளம் படித்தவன், கொடுவாக் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவன். சினையின் மேல் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பது போகப் போகப் புரியும்.

கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தால் வழக்கமாக என்ன நடக்கிறது? தண்ணீரைப் புட்டியில் பிடிக்கிறோம். கார அமிலத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, கோலிஃபார்ம் கிருமி என்று பார்க்கிறோம். அதெல்லாம் தேவைதான். சாக்கடைத் தண்ணீர் ஆற்றில் கலந்து மீன் மூச்சுமுட்டிச் சாகும்போது இந்தச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் நான் பேசுகிற நஞ்சுகள் தண்ணீரில் நிற்பதே இல்லை. அவை தண்ணீரில் ஏறத்தாழக் கரையாது, கொழுப்பில் கரையும். வெயிலும் நுண்ணுயிரும் சேர்ந்து அவற்றைச் சிதைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆற்றில் விழுந்ததும் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சேற்றிலிருந்து புழுவுக்கும் இறாலுக்கும், அவற்றிடமிருந்து மடவைக்கும் சின்ன மீனுக்கும், கடைசியில் அவற்றையெல்லாம் விழுங்கும் கொடுவாவுக்கும் போய்ச் சேரும். தின்கிற மீன் உணவைச் செரித்துவிடும், நஞ்சைச் செரிக்காது. அது கொழுப்பிலேயே தங்கிவிடும். வட அமெரிக்காவின் பேரேரிகளில் தண்ணீரில் இருந்த பி.சி.பி.யின் செறிவையும் வேட்டை மீனின் உடம்பில் இருந்த செறிவையும் ஒப்பிட்டபோது பல லட்சம் மடங்கு வித்தியாசம் இருந்தது. தண்ணீர்ப் புட்டியில் ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று முடிவு வரும் அதே இடத்தில், அதே நாளில், மீன் நஞ்சைச் சுமந்துகொண்டு நீந்திக்கொண்டிருக்கும்.

பி.சி.பி. இயற்கையில் பரவிக் கிடக்கிறது என்று உலகத்துக்கு முதலில் சொன்னதே ஒரு வேட்டை மீன்தான். 1960-களில் சுவீடனில் சோரன் யென்சன் என்ற வேதியியலாளர், உயிரினங்களின் உடம்பில் டி.டி.டி. எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். அவருடைய கருவி வரைந்த கோட்டில் டி.டி.டி.யோடு சேர்ந்து இன்னும் பல அடையாளம் தெரியாத முகடுகள் வந்துகொண்டே இருந்தன. பைக் என்ற கொடும் வேட்டை மீனில் வந்தது. மீன் தின்னும் வெண்வால் கழுகில் வந்தது. டி.டி.டி. புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த கழுகின் இறகில்கூட வந்தது. அப்படியானால் அது பூச்சிமருந்தாக இருக்க முடியாது. தேடித் தேடிப் பார்த்து, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயாகவும் பெயின்டிலும் கலந்து வந்த பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்று 1966-இல் அவர் அறிவித்தார். அதுவரை ஏறத்தாழ 40 ஆண்டுகளாக அது ஆலைகளில் தயாராகிக்கொண்டிருந்தது. தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு போயிருக்குமோ!

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலின் மையம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் இருக்கும் ஒண்டாரியோ ஏரியில் லேக் டிரவுட் என்ற மீன் உண்டு. ஏரியின் உச்ச வேட்டையாளி அதுதான். பல பத்தாண்டுகள் வாழும், உடம்பில் கொழுப்பு மிகுந்த மீன். ஒரு காலத்தில் அந்த ஏரியின் பெரிய மீன்பிடித் தொழிலே அதை நம்பி இருந்தது. 1950-களில் அது ஏரியிலிருந்து ஏறத்தாழ ஒழிந்தே போனது. காரணம் கேட்டபோது, அளவுக்கு மீறிப் பிடித்தார்கள் என்றார்கள். கடலிலிருந்து வந்த லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் உடம்பில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சிக் கொன்றது என்றார்கள். இரண்டும் உண்மைதான். லாம்ப்ரேயைக் கட்டுப்படுத்த ஓடைகளில் மருந்து போட்டார்கள். மீன்பிடியைக் குறைத்தார்கள். பொரிப்பகங்களில் குஞ்சு வளர்த்து 1970-களிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஏரியில் விட்டார்கள்.

விட்ட குஞ்சுகள் வளர்ந்தன, பெரிய மீன்களாயின. பளபளவென்று கொழுத்த, பார்க்க நோயே இல்லாத மீன்கள். இலையுதிர் காலத்தில் பாறை இடுக்குகளில் முட்டையும் இட்டன. ஆனால் ஏரியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு குட்டி மீனைக்கூடக் காணவில்லை. 1980-களின் நடுப்பகுதி வரை நிலைமை அதுதான். ஆண்டுதோறும் குஞ்சு விடுவது ஒருபக்கம், அவற்றின் சந்ததி பூஜ்யமாக இருப்பது இன்னொரு பக்கம்.

விடை முட்டையில் இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லேக் டிரவுட் முட்டைகளுக்கு அளந்து அளந்து டயாக்சின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிலோ முட்டையில் 65 நானோகிராம் டயாக்சின் இருந்தாலே பாதிக் குஞ்சுகள் செத்தன. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்து, அதில் 65 பங்கை எடுத்துக்கொண்டால் அதுதான் 65 நானோகிராம். நூறைத் தாண்டினால் ஏறத்தாழ எல்லாமே சாகின்றன. அதுவும் முட்டைக்குள்ளேயே சாவதில்லை. பொரித்து வெளியே வருகின்றன. வந்த பிறகு வயிற்றோடு ஒட்டியிருக்கும் கருவுணவுப் பையில் நீலம் பூத்த நீர் கோத்துக்கொள்கிறது. பை உப்புகிறது. ரத்த நாளங்கள் கசிகின்றன, இதயத்தைச் சுற்றி நீர் சேர்கிறது. தாடை சரியாக வளராமல் முகம் குறுகிப்போகிறது. ரத்த ஓட்டம் நின்று, நீந்தி மேலெழும் நாளுக்கு முன்பே அது அடியில் கிடந்து செத்துப்போகிறது. இதற்கு நீலப்பை நோய் என்று பெயர்.

அப்புறம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஏரியின் அடிச்சேற்றில் நீளக் குழாயை இறக்கி, மண்ணை அடுக்கு கலையாமல் எடுத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் வயது கணித்து, அந்தந்த ஆண்டில் எவ்வளவு டயாக்சின் வந்து படிந்தது என்று பார்த்தார்கள். நயாகரா ஆற்றங்கரையின் ரசாயன ஆலைகளும் குப்பைப் புதைகுழிகளும் எப்போது எவ்வளவு கொட்டின என்பது சேற்றில் எழுதி வைத்தது போல இருந்தது. அதிலிருந்து அந்தந்த ஆண்டின் மீன் முட்டையில் எவ்வளவு நஞ்சு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். 1940-களின் கடைசியிலிருந்து 1970-களின் கடைசி வரை, அந்த ஏரியில் பொரித்த லேக் டிரவுட் குஞ்சு ஒவ்வொன்றையும் கொல்லும் அளவுக்கு முட்டையில் நஞ்சு இருந்தது என்பதுதான் முடிவு. அதாவது முப்பது ஆண்டுகள். லாம்ப்ரே ஒன்றுகூட இல்லாமல் இருந்திருந்தாலும், ஒருவர்கூட வலை வீசாமல் இருந்திருந்தாலும் அந்த மீன் அங்கே பெருகியிருக்காது.

நஞ்சு குறைந்த பிறகும் கதை முழுசாக முடியவில்லை. அங்கே வந்தேறிய ஏல்வைஃப் என்ற சிறுமீனைத் தின்பதால் தாய் மீனுக்குத் தயமின் சத்துக் குறைந்து, அதனாலும் குஞ்சுகள் சாகின்றன என்று பின்னால் தெரிந்தது. எல்லாப் பழியையும் ஒரே ரசாயனத்தின் மேல் போடுவது சரியில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன். லேக் டிரவுட் டயாக்சினுக்கு மிக எளிதில் பலியாகும் மீன் என்பதும் உண்மை. வரிக்குதிரை மீன் போன்றவை அதைவிடப் பல மடங்கு தாங்கும். எந்த மீன் எவ்வளவு தாங்கும் என்பது மீனுக்கு மீன் மாறும். அதனால்தான் நம் மீனை நாம்தான் அளக்க வேண்டும் என்கிறேன்.

கொடுவாவுக்கு வருகிறேன். பொரிப்பகத்தில் வேலை பார்த்த யாரும் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணாடி மணி போல இருக்கும், உள்ளே ஒரே ஒரு எண்ணெய்த் துளி மின்னும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளியே வரும் குஞ்சுக்கு வாயே திறந்திருக்காது. குடல் இருக்காது, கண்ணில் கருமை ஏறியிருக்காது. அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு அதற்குச் சாப்பாடு, தாய் கட்டிக் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறாகிய அந்தக் கருவுணவும் எண்ணெய்த் துளியும்தான். நுண்நோக்கியில் பார்த்தால் துளி மணிக்கு மணி சுருங்குவது தெரியும். இதயமும் தாடையும் கண்ணும் உருவாவது அந்த நாட்களில்தான். தாயின் கொழுப்பில் இருந்த நஞ்சு குஞ்சின் ரத்தத்துக்குள் இறங்குவதும் அந்த நாட்களில்தான்.

கொடுவாவுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் பெண்தான். ஆணாக இருந்த ஆண்டுகளிலெல்லாம் தின்று சேர்த்த நஞ்சையும் சுமந்துகொண்டுதான் அது முதன்முதலில் சினை பிடிக்கிறது. அதன் குட்டிப் பருவம் கழிவதோ கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும். எண்ணூர், அடையாறு, கடலூர் உப்பனாறு என்று நம் நகரங்களும் ஆலைகளும் கழிவை இறக்கும் அதே இடங்களில். இப்படிப்பட்ட வாழ்க்கை வாழும் ஒரு மீனை விட்டுவிட்டு வேறு எதைச் சோதிக்கப் போகிறோம்?

இந்தியாவில் கொடுவாவை முதன்முதலில் செயற்கையாகப் பொரிக்க வைத்தது நம் முட்டுக்காட்டில், 1997-இல், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். அந்த அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது.

சாகாமல் பிழைக்கும் மீனைப் பற்றியும் ஒரு சொல். வட அமெரிக்காவில் குரோக்கர் என்ற மீனுக்கு, நம் கத்தாழையின் உறவு மீன் அது, தீவனத்தில் பி.சி.பி. கலந்து கொடுத்தார்கள். தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் மெதுவாக வளர்ந்தன, எதிரி பாய்ந்தால் சட்டென்று விலகும் துடிப்பும் குறைந்திருந்தது. கடலில் அந்த ஒரு நொடித் தாமதம் போதும். இப்படிப் போகும் குஞ்சுகள் கரையில் ஒதுங்குவதில்லை, செய்தியில் வருவதில்லை. நாலைந்து ஆண்டு கழித்து மீனவர் ‘முன்னே மாதிரி கொடுவா படுறதில்ல’ என்று சொல்லும்போது, காரணமாக வலையின் கண்ணளவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்போம்.

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் நடந்தது இன்னும் விசித்திரம். 1947 முதல் 1977 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு கெப்பாசிட்டர் ஆலைகளிலிருந்து சுமார் 590 டன் வரை பி.சி.பி. அந்த ஆற்றில் போய்ச் சேர்ந்தது. 1976-இல் மேல் ஹட்சனில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். கீழ்ப்பகுதியில் வரிக்கொடுவா என்று சொல்லத்தக்க ஸ்ட்ரைப்டு பாஸ் மீனின் வணிகப் பிடிப்பும் நின்றது, பல குடும்பங்களின் தொழில் ஒரே ஆணையில் போயிற்று. அந்த ஆற்றின் டாம்காட் என்ற மீனில், இரண்டு வயதைத் தொட்டவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஈரலில் கட்டியோடு இருந்தன. ஆனாலும் அந்த மீன் ஒழியவில்லை. 2011-இல் காரணம் தெரிந்தது. டயாக்சின் வகை நஞ்சு உடம்பில் போய்ப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்த ஒரு மரபுப் பிறழ்வு, ஹட்சன் டாம்காட்டுகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பரவியிருந்தது. நஞ்சு எளிதில் ஒட்டாத மீன்கள் மட்டும் தப்பிப் பெருகியிருக்கின்றன. இதைக் கேட்டு மகிழ்வதற்கில்லை. நஞ்சைத் தாங்கும் சிறுமீன் நஞ்சோடு உயிர்வாழ்கிறது, அதைத் தின்னும் பெரிய மீனுக்கு அந்த நஞ்சு மொத்தமாகப் போகிறது. தடை செய்தும் ஆற்றடியில் பி.சி.பி. அப்படியே கிடந்ததால், 2009 முதல் 2015 வரை சேற்றைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தினரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 1980-களின் இறுதியிலிருந்தே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். வெள்ளாற்றுப் படுகையின் நெல் வயலில் தெளித்த பி.எச்.சி. எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். நம் வெயிலில் அதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் போய்விட்டது, சிறிதளவுதான் முகத்துவாரத்துக்கு வந்தது. குளிர்நாட்டில் சேற்றில் அடங்கிக் கிடக்கும் நஞ்சு, நம் நாட்டில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியது அந்த ஆய்வு. டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்த 1989-இல் தடை வந்தது, பி.எச்.சி.க்கு 1997-இல் வந்தது, எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அத்தனை பெரிய அடித்தளம் போட்டுக் கொடுத்த ஆய்வு, ஆண்டுதோறும் தொடரும் அரசுக் கண்காணிப்பாக வளர்ந்திருக்க வேண்டும். தடைக்குப் பிறகு நஞ்சு எவ்வளவு குறைந்தது என்று இன்று ஒரு மீனவர் கேட்டால், ஆண்டு வாரியாக எடுத்து நீட்ட ஒரே ஒரு தாள் வேண்டாமா?

பி.சி.பி.யும் நம்மோடுதான் இருக்கிறது. சென்னையின் காற்றிலும் மண்ணிலும் அது இருப்பதை இங்குள்ள ஆய்வாளர்களே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் எண்ணெயில் அது உண்டு. பி.சி.பி. எண்ணெயை வடிகட்டிய அதே இயந்திரத்தில் சாதாரண எண்ணெயை வடிகட்டினால் அந்த எண்ணெயிலும் அது ஏறிக்கொள்ளும். அழியா நஞ்சுகளை ஒழிப்பதற்கான உலக உடன்படிக்கையாகிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட பி.சி.பி. ஒழுங்குமுறை ஆணை, அதன் பயன்பாட்டுக்கு 2025 டிசம்பர் 31 என்று கடைசி நாள் குறித்தது. உடன்படிக்கைப்படி இருப்பு முழுவதையும் பாதுகாப்பாக அழிக்க 2028 வரை காலம். தமிழ்நாட்டில் எத்தனை டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் சோதிக்கப்பட்டது, எத்தனையில் பி.சி.பி. இருந்தது, கழற்றியவை எந்தக் கிடங்கில் இருக்கின்றன என்ற பட்டியலை வாரியம் வெளியிட வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயைத் தரையில் ஊற்றிவிட்டுச் செம்பை மட்டும் எடுத்தால், அடுத்த மழைக்கு அது கால்வாயில் இருக்கும்.

டயாக்சினை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. குளோரின் உள்ள பொருள் அரைகுறையாக எரியும்போது அது தானாக உண்டாகிறது. பி.வி.சி. உறை போட்ட செம்புக் கம்பியை எரிப்பது அதற்கு மிக மோசமான வழி, ஏனென்றால் செம்பே அந்த வினையைத் தூண்டிவிடும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு. புகை அடங்கியதும் நாம் மறந்துவிட்டோம், சாம்பல் அடுத்த மழையில் எங்கே போனதோ அங்கேதான் விராலும் கெளுத்தியும் இருக்கின்றன. கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வைக்கும் திட்டம் பேசப்படுகிறது. அது வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு இந்த மடலில் நான் போகவில்லை. இப்போதே எண்ணூர் மீனில் டயாக்சின் எவ்வளவு என்று அளந்து வைக்காவிட்டால், நாளைக்கு ஏறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இதுமட்டும் இரு தரப்புக்கும் பொது.

சரி, எப்படிச் செய்வது? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். பேரேரிகளில் 1970-களிலிருந்து அமெரிக்காவும் கனடாவும் செய்துவருவதை நம் ஊருக்கு ஏற்ப எடுத்துக்கொண்டாலே போதும். ஒவ்வோர் ஏரியிலும் அதே இடம், அதே இனம், ஏறத்தாழ அதே அளவுள்ள மீன். லேக் டிரவுட் குறைவாக உள்ள ஈரி ஏரியில் மட்டும் வாலாய் என்ற இன்னொரு வேட்டை மீன். சதைத் துண்டை மட்டும் வெட்டாமல், மனிதர் தின்னாத ஈரலும் கொழுப்பும் சேர, முழு மீனையும் அரைத்துச் சோதிக்கிறார்கள். நம் தட்டில் வருவதை மட்டும் பார்த்தால் மீன் என்ன பாடுபடுகிறது என்று தெரியாது என்பதால்தான் அப்படி. அந்தத் தொடர் கணக்கில்தான், தடைக்குப் பிறகு லேக் டிரவுட்டில் பி.சி.பி. ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்தது வெளிச்சமாயிற்று. தடை பலித்தது என்று அவர்களால் ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அரைத்த மீனில் மிச்சத்தை உறைகலத்தில் சேமித்து வைத்தார்கள். கறை ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரையிலும் இருக்கும் பி.எஃப்.ஓ.எஸ். என்ற பொருளும் அழியாத நஞ்சு என்று பின்னால் தெரிந்தபோது, கனடாவில் அந்தப் பழைய மாதிரிகளை வெளியே எடுத்துச் சோதித்தார்கள். 1980-லிருந்து 2001 வரை ஒண்டாரியோ ஏரியின் லேக் டிரவுட்டில் அது பல மடங்கு ஏறியிருந்தது. மாதிரி எடுத்த காலத்தில் அந்தக் கேள்வியே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து நம் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று நமக்கும் தெரியாது. இன்றைய கொடுவா அவர்களுக்காக ஓர் உறைகலத்தில் இருக்கட்டும்.

நான் கேட்பது எண்ணூர், அடையாறு, கடலூர் உப்பனாறு, பரங்கிப்பேட்டை வெள்ளாறு, தூத்துக்குடி ஆகிய ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் கொடுவா. அது கிடைக்காத இடத்தில் சீலா. முழு மீன், ஈரல், சினை மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும், காதெலும்பின் வளையத்தை எண்ணி வயதைக் குறிக்க வேண்டும். பூச்சிமருந்து எச்சத்தையும் பி.சி.பி.யையும் அளக்கும் கருவி நல்ல ஆய்வகங்கள் பலவற்றில் உண்டு. டயாக்சின் சோதனை செலவு கூடுதல். திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுவுக்கு அதற்கென்று ஆய்வகம் இருக்கிறது. எல்லா மீனையும் அனுப்ப வேண்டாம், இடத்துக்கு ஒரு கலவை மாதிரி போதும். நாகப்பட்டினத்தில் நமக்கென்று ஒரு மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். முகத்துவாரங்களைத் தூர்வாரும்போதும் சேற்றைச் சோதித்த பிறகே கிளற வேண்டும். ஹட்சனில் தோண்டும் காலத்தில் மீனில் பி.சி.பி. தற்காலிகமாக ஏறியதை அவர்கள் கண்டார்கள். அங்கே கண்காணிப்பு இருந்ததால் தெரிந்தது.

ஒரு தயக்கம் உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. முடிவு மோசமாக வந்தால் மீன் விற்காது, ஏலத்தில் விலை விழும், அடி விழுவது மீனவர் வயிற்றில். இதை லேசாகச் சொல்லிக் கடக்க மாட்டேன். நஞ்சை ஊற்றியவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர் என்பதுதான் ஹட்சனிலும் நடந்தது. ஆகவே சோதனைத் திட்டத்தோடு சேர்த்தே, விலை விழுந்தால் இழப்பீடு எந்த நிதியிலிருந்து, எந்தக் கணக்கில் என்பதையும் மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடிவை வெளியிடும்போது எந்த இடம், எந்த மீன், எந்த அளவுக்கு மேல் என்று துல்லியமாகச் சொல்லுங்கள். நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்கள் சில காலமே வாழ்பவை, உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் இருப்பவை, அவற்றில் இந்த நஞ்சு சேருவது குறைவு. பெரிய மீனில்கூடத் தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தால் பி.சி.பி. குறையும். இதையெல்லாம் சேர்த்துச் சொன்னால் மக்கள் மிரள மாட்டார்கள். வதந்தி மீன் சந்தையை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும், கணக்கு அந்த அளவுக்குச் செய்யாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம். சினை மீன் முட்டையிட வேண்டும் என்பதற்காக விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வருமானத்தை இழந்து நம் மீனவர்கள் அந்த முட்டைக்கு வழிவிடுகிறார்கள். அந்த முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது.

அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் முதல் சுற்று மாதிரியை எடுத்துவிட முடியும். எந்தெந்த முகத்துவாரம், எந்தத் தேதி, எந்த ஆய்வகம், முடிவு எந்த மாதத்தில் வெளிவரும் என்ற நான்கு விவரங்களையும் வாரியமும் துறையும் சேர்ந்து எழுத்தில் அறிவியுங்கள். மீன் பிடித்துக் கொடுக்க ஒவ்வொரு ஊரிலும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். சினை எடுக்க, முட்டை பார்க்க, என்னைப் போல் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர்கள் கூலி கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
மீன்வளம் படித்த, பொரிப்பகத்தில் வேலை பார்த்த ஒருவன்